கோகோடா நடை: எதற்குக் காசு, எதற்குக் கால்

96 கிலோமீட்டர் என்று கேட்டதும், நாளைக்குப் பன்னிரண்டு வீதம் எட்டு நாளில் முடித்துவிடலாம் என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள்தான் கோகோடாவில் முதல் நாளே திணறிப்போகிறார்கள். அங்கே வழிகாட்டியிடம் 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று கேட்டால் பதில் மணிக்கணக்கில்தான் வரும். அதுவும் அவர் காலுக்கு எத்தனை மணி என்ற கணக்கு. உங்கள் காலுக்கு அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்.

பப்புவா நியூ கினியின் ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் ஒற்றையடிப் பாதை இது. தெற்கு முனை ஓவர்ஸ் கார்னர், தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். வண்டிப் பாதை அங்கேயே முடிந்துவிடும். வடக்கு முனை ஓரோ மாகாணத்தின் கோகோடா. இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் அளந்தால் 60 கிலோமீட்டர்தான் இருக்கும். மிச்சமெல்லாம் வளைவும் நெளிவும். மிக உயர்ந்த இடமான பெல்லமி மலை 2,190 மீட்டர் என்பதால் உயரத்தால் மூச்சு முட்டும் பிரச்சினை கிடையாது. ஆனால் ஒவ்வொரு முகட்டிலும் ஏறியதை ஓடை வரை இறங்கித் தொலைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். எல்லா ஏற்றங்களையும் கூட்டினால் 5,000 மீட்டரைத் தாண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்பது அல்லது பத்து நாள் திட்டம், ஆளுக்கு ஒரு போர்ட்டர், உள்ளூர் வழிகாட்டி, சாட்டிலைட் போன் என்று இருக்கும் பேக்கேஜ் கொடுக்கிற காசுக்குத் தகும். ஆறு நாளில் முடித்துத் தருகிறோம் என்று விலையைக் குறைத்து விற்பதை வாங்காதீர்கள். உள்ளூர் ஓட்டக்காரர்கள் பந்தயத்தில் இதே பாதையை 17 மணி நேரத்துக்குள் ஓடி முடித்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். அது அவர்கள் கால், அவர்கள் மலை.

1904 முதல் இது தபால்காரர்களும் தங்கச் சுரங்கத்துக்குப் போகிறவர்களும் நடந்த வழி. 1942 ஜூலை 21 அன்று வடகரையில் கோனா அருகே ஜப்பானியப் படை இறங்கி, மலையைத் தாண்டிப் போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்கப் புறப்பட்டதோடு பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. பப்புவா காலாட்படையும் ஆஸ்திரேலியாவின் 39-வது பட்டாலியனும் முதலில் எதிர்கொண்டன. ஆகஸ்ட் கடைசியில் இசுராவா, செப்டம்பரில் பிரிகேட் ஹில், பிறகு இயோரிபைவா என்று ஆஸ்திரேலியர்கள் பின்வாங்கிக்கொண்டே வந்தார்கள். பசியிலும் நோயிலும் ஜப்பானியர்கள் தளர்ந்தபின் கதை திரும்பியது. நவம்பர் 2 அன்று கோகோடா மறுபடி ஆஸ்திரேலியர் கைக்கு வந்தது. பாதையை 'டிராக்' என்பதா 'டிரெயில்' என்பதா என்று ஆஸ்திரேலியாவில் இன்றும் சண்டை போடுகிறார்கள். தமிழில் 'பாதை' என்றால் தீர்ந்தது.

2001-ல் நூறு பேர்கூட நடக்காத வழி இது. 2002 ஆகஸ்டில் இசுராவாவில் நினைவிடம் திறந்தார்கள். 2008-ல் நடந்தவர்கள் 5,600-க்கும் மேல். இன்று நடை ஏற்பாடு செய்யும் ஏஜென்சிகளுக்குப் பஞ்சமில்லை. தரத்தில்தான் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எந்த முனையில் தொடங்குவது என்பதை ஏஜென்சியின் வசதிக்கு விட்டுவிடாதீர்கள். கோகோடாவிலிருந்து தொடங்கினால் போர் நடந்த வரிசையிலேயே தெற்கே வரலாம். அதைவிடப் பெரிய லாபம் விமானத்தில் இருக்கிறது. போர்ட் மோர்ஸ்பியிலிருந்து கோகோடாவுக்குச் சின்ன விமானத்தில் அரை மணி நேரம்தான். ஆனால் கண்ணுக்கு மலை தெரிந்தால்தான் கிளம்புவார்கள். மேகம் மூடிக்கொண்டால் அன்றைக்குப் பயணம் இல்லை. 2009 ஆகஸ்ட் 11 அன்று கோகோடாவுக்கு வந்த விமானம் இசுராவா அருகே மலையில் மோதி, அதிலிருந்த 13 பேரும் இறந்தார்கள். ஆகவே 'இன்றைக்குப் பறக்க முடியாது' என்று விமானி சொன்னால் முணுமுணுக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தாமதம் நடையின் தொடக்கத்தில் வந்தால் ஒரு நாள் போகும். கடைசியில் வந்தால் ஊர் திரும்பும் விமானமே போகும். தெற்கிலிருந்து நடப்பதானால் கடைசியில் இரண்டு நாள் சும்மா விட்டு டிக்கெட் போடுங்கள்.

தெற்கிலிருந்து தொடங்குவதில் வேறொரு சங்கடமும் உண்டு. ஓவர்ஸ் கார்னரில் செங்குத்தாகக் கோல்டி ஆற்றுக்கு இறங்கினால், அடுத்து இமிட்டா முகடு. போர்க்காலத்தில் பொறியாளர் படை மரக்கட்டைகளைக் குறுக்கே பதித்து, பின்னால் மண் நிரப்பிப் படி கட்டிய சரிவு இது. பொன் படிக்கட்டு என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். கட்டைக்குப் பின்னால் இருந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போனதும், ஒவ்வொரு படியும் சேற்றுத் தொட்டியாக மாறியதுதான் மிச்சம். மூன்றாம் நாள் வரும் மகுலி முகடு அதைவிட மோசம். இதுதான் உச்சி என்று நினைத்து ஏறினால் பின்னால் இன்னொன்று நிற்கும். ஒன்பது பொய் உச்சிகள் என்று வழிகாட்டிகள் எண்ணியே சொல்வார்கள். எண்ணாமல் நடப்பது உத்தமம்.

ஏறுவதற்குத்தான் எல்லோரும் பயிற்சி எடுக்கிறார்கள். ஆளைச் சாய்ப்பது இறக்கம். மழை நனைத்த களிமண்ணின் மேல் வேர்கள் வலைபோல ஓடுகின்றன. ஆயிரம் பூட்ஸ் தேய்த்துத் தேய்த்து அந்த வேர்களின் பட்டை உரிந்து, உள்மரம் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். வேரின் மேலேயே காலை வைத்தால் பக்கவாட்டில் வழுக்கும். இரண்டு வேருக்கு நடுவே உள்ள குழியில் வைத்தால் கணுக்கால் வரை சேறு, ஆனால் கால் நிற்கும். குழியில் வைப்பதே சரி. பூட்ஸ் அழுக்காகக் கூடாது என்று வேர் விட்டு வேர் தாவுகிறவர்தான் முட்டியைத் திருகிக்கொள்வார். போர்ட்டர்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று பாருங்கள்: முட்டி எப்போதும் லேசாக மடங்கியிருக்கும், அடி சின்னதாக இருக்கும், எங்கேயும் நின்று யோசிப்பதில்லை. ஊன்றுகோல் இரண்டு வேண்டும். இறங்கும்போது அதன் உயரத்தை நான்கு விரல் அகலம் கூட்டிக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு மாடிப்படியை எடுத்துக்கொண்டால், முதுகில் எட்டு கிலோ பையோடு ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். மூன்று மாதம் தேவை.

ஓடைகளின் மேல் பாலம் என்று இருப்பது மூன்று நான்கு மரத்தண்டுகளைக் கொடியால் சேர்த்துக் கட்டியது. மேலே வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகும், ஊர்க்காரர்கள் வந்து மறுபடி போடுவார்கள். அங்கே ஊன்றுகோலைப் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டு, அவர் கையையோ பையின் வாரையோ பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். கோல் தண்டுகளின் இடுக்கில் மாட்டினால் ஆளையே கவிழ்த்துவிடும். முதுகுப்பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். விழுந்தால் பையை உதறிவிட்டு எழலாம்.

பூட்ஸ் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று. நல்ல பிராண்ட், அலமாரியில் ஐந்தாறு வருடம் பத்திரமாக இருந்தது, பார்க்கப் புதுசுபோல இருக்கும். இரண்டாம் நாள் அடிப்பாகம் அப்படியே பெயர்ந்து வரும். பசை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். காரணம் பசை அல்ல. நடு அடுக்கில் இருக்கும் பாலியூரித்தேன், உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளேயே உதிர்ந்துபோகும். ஆகவே புதியதும் கூடாது, கிடப்பில் போட்டதும் கூடாது. கடந்த ஆறு மாதமாக நடந்து பழகிய ஜோடியைக் கொண்டுபோங்கள். கூடவே பத்து கேபிள் டையும் ஒரு சுருள் அகலமான ஒட்டுப்பட்டையும் இருக்கட்டும். அடிப்பாகம் பெயர்ந்தால் டையை வளைத்துக் கட்டி மிச்ச நாளை ஓட்டலாம். நீர் புகாத பூட்ஸ் வாங்க அதிகச் செலவு செய்ய வேண்டாம். ஓடையில் முழங்கால் வரை இறங்கும் பாதையில் தண்ணீர் மேல்வழியாகத்தான் வரும், வந்தபின் வெளியே போகவும் வழியிருக்காது.

கால் எப்படியும் நனையும். காலையில் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் தடவி, ஈர சாக்ஸையே போட்டுக்கொள்ள வேண்டும். கூடாரத்துக்கு வந்ததும் கழுவித் துடைத்து, பவுடர் போட்டு, உலர்ந்த சாக்ஸ். இந்த உலர்ந்த ஜோடிக்குத் தனி பிளாஸ்டிக் பை, என்ன ஆனாலும் பகலில் அதை எடுக்கக் கூடாது. 'இன்றைக்கு மட்டும்' என்று ஒருமுறை போட்டுவிட்டால் இரவில் கால் உலர வழியில்லை. வெளுத்து ஊறிய தோல் மூன்றாம் நாள் பாளம் பாளமாக உரியும், அதன்பின் ஒவ்வொரு அடியும் தண்டனை. நகத்தைப் புறப்படும் முன் ஒட்ட வெட்டுங்கள். இறக்கத்தில் விரல் பூட்ஸின் முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும்.

தண்ணீர் குடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. உடம்பு வற்றிவிடும் என்ற பயத்தில் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, பிதற்றல் வரும். பார்க்க வெயில் மயக்கம் மாதிரியே இருப்பதால் கூட இருப்பவர் இன்னும் தண்ணீர் கொடுப்பார். அதுதான் ஆளைக் கொல்லும். தாகத்துக்குக் குடியுங்கள், நாளைக்கு இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கலக்குங்கள், கூடவே உப்புக் கடலை மாதிரி ஏதாவது கொறியுங்கள். பத்து நாளுக்கு ஒரு லிட்டர் பாக்கெட் இருபது போதும். ஓடைத் தண்ணீர் கண்ணாடி போலத் தெரிந்தாலும் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். மேலே ஒரு ஊர் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இனி போர்ட்டர்கள். இந்தச் சேவையில் நீங்கள் உண்மையில் வாங்குவது இவர்களைத்தான். போர் நடந்தபோது சுமையாட்களைத் திரட்டியவர் பெர்ட் கீன்ஸ்லே என்ற ரப்பர் தோட்ட முதலாளி. அவர் போட்ட கணக்கு பிரசித்தம்: உணவை மட்டுமே தூக்கும் ஒரு சுமையாள் 13 நாளில் தன் சுமையைத் தானே தின்று தீர்த்துவிடுவார், ஒரு சிப்பாய்க்கும் சேர்த்து என்றால் ஆறரை நாள்தான் தாங்கும். கோகோடாவுக்குப் பக்கத்தில் உள்ள தெனிகிக்கு நடக்கவே எட்டு நாள் ஆகும். அதனால்தான் மியோலா என்ற வறண்ட ஏரிப்படுகையில் விமானத்திலிருந்து உணவைப் போட வேண்டியிருந்தது. ஒரு காயக்காரரின் ஸ்ட்ரெச்சருக்கு எட்டுப் பேர். பலர் விரும்பி வந்தவர்கள் அல்ல, பிடித்துவரப்பட்டவர்கள்.

அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. பத்து நாள் உணவை முதல் நாளே போர்ட்டர் தலையில் ஏற்றும் ஏஜென்சி, சுமையைக் குறைக்க அரிசியில்தான் கை வைக்கும். நல்ல ஏஜென்சி எஃபோகி, மெனாரி, காகி போன்ற விமானத் திடல் உள்ள ஊர்களில் பாதி உணவை முன்கூட்டியே இறக்கி வைக்கும். ஆகவே காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை: போர்ட்டருக்கு நாள் கூலி எவ்வளவு, அவர் சொந்த உணவும் போர்வையும் சேர்த்து எத்தனை கிலோ தூக்குகிறார், இரவில் அவர் தங்க இடம் உண்டா, நடை முடிந்தபின் அவர் தன் ஊருக்குத் திரும்பும் நாட்களுக்குக் கூலி உண்டா. இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறும் ஏஜென்சியை அத்தோடு விட்டுவிடலாம். உங்கள் தரப்பில், போர்ட்டரிடம் கொடுக்கும் பை பன்னிரண்டு கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்லாம் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும், ஏனென்றால் பைக்கு மேலே போடும் மழை உறை அரை நாள் மழைக்குக்கூடத் தாங்காது. ஸ்லீப்பிங் பேக் 10 டிகிரி வரை தாங்கினால் போதும். கோகோடா பக்கத்துத் தாழ்வான ஊர்களில் அதை விரிக்கவே தோன்றாது. உயரத்தில் இருக்கும் டெம்பிள்டன் கிராசிங் முகாமில் கம்பளித் தொப்பியும் தேவைப்படும்.

சாப்பாடு சுமார்தான். அரிசி, நூடுல்ஸ், டின் மாட்டிறைச்சி, பிஸ்கட். சைவக்காரர்கள் முன்கூட்டியே எழுத்தில் சொல்லி உறுதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பத்து நாளும் வெறும் நூடுல்ஸ். பருப்புப்பொடியும் ஊறுகாய் பாக்கெட்டும் அரை கிலோகூட வராது, கொண்டுபோங்கள். வழியிலுள்ள ஊர்களில் வாழைப்பழம், பேஷன் பழம், அவகாடோ, 'கௌகௌ' என்று அவர்கள் சொல்லும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் விற்பார்கள். சுட்ட கௌகௌவை உப்பு தொட்டுச் சாப்பிடுவது ஏஜென்சி சமையலை விட எவ்வளவோ மேல். சில்லறையாக அந்நாட்டுக் கீனா நோட்டு வேண்டும். நூறு கீனா நோட்டை நீட்டினால் மாற்ற ஆளில்லை. பாதையோரம் வாழும் கொய்யாரி இனத்தவரின் ஊர்களில் பெரும்பாலோர் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையினர். சனிக்கிழமை ஓய்வு நாள், அன்று வியாபாரம் கிடையாது. நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடாத ஏஜென்சி, சனிக்கிழமை ஊருக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு விழிக்கும்.

பார்க்க வேண்டிய இடங்களில் இசுராவா முதலிடம். துணிவு, தாங்குதிறன், தோழமை, தியாகம் என்ற நான்கு சொற்கள் பொறித்த நான்கு கருங்கல் தூண்கள் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கின்றன. விடியற்காலையில் பார்க்க வேண்டும், பத்து மணிக்கு மேல் மேகம் வந்து பள்ளத்தாக்கை விழுங்கிவிடும். 1942 ஆகஸ்ட் 29 அன்று புரூஸ் கிங்ஸ்பரி என்ற சிப்பாய் பிரென் துப்பாக்கியோடு முன்னேறி உயிர்விட்டு, விக்டோரியா கிராஸ் வீரப்பதக்கம் பெற்றது இங்கேதான். போர்ட் மோர்ஸ்பி அருகே போமானா கல்லறைத் தோட்டத்தில் 3,800-க்கும் மேற்பட்ட கல்லறைகளுக்கு நடுவே அவருடையதும் இருக்கிறது. போமானாவை நடைக்கு முன்பு பார்ப்பதைவிடப் பின்பு பார்ப்பது நல்லது. கல்லில் இருக்கும் தேதியைப் படித்ததும் எந்தச் சரிவு, எந்த ஓடை என்று காலுக்கே தெரியும்.

இயோரா ஓடையில் துருப்பிடித்த மோர்ட்டார் குண்டுகளையும் தோட்டாக்களையும் ஹெல்மெட்டுகளையும் மூங்கில் மேடையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பார்க்கச் சில கீனா கேட்பார்கள், கொடுக்கலாம். தொடக் கூடாது. எண்பது வருடம் மண்ணில் கிடந்த வெடிமருந்து எப்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. போர்ப் பொருளை நாட்டை விட்டு எடுத்துப் போவதும் சட்டப்படி தடை.

வழிகாட்டிகளில் தரம் ஏறுக்குமாறு. சிலர் பிரிகேட் ஹில்லில் நின்று, ஜப்பானியர்கள் எந்தப் பக்கமாகச் சுற்றி வந்து ஆஸ்திரேலியப் படையை இரண்டாக அறுத்தார்கள் என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். சிலருக்கு வழி மட்டுமே தெரியும். வெளிநாட்டுத் தலைமை வழிகாட்டி போட்டு அதற்குத் தனி விலை வைக்கும் ஏஜென்சிகளும் உண்டு. அவர்கள் போர் வரலாற்றை நன்றாகச் சொல்வார்கள், ஆனால் அதில் உள்ளூர் மக்களான கொய்யாரிகளும் ஒரோகைவாக்களும் அடிக்குறிப்பாகத்தான் வருவார்கள். ஊர்ப் பெரியவர் தன் தாத்தா தூக்கிய சுமையைப் பற்றிப் பேச உட்காரும்போது கடிகாரத்தைப் பார்க்காத வழிகாட்டியே நல்ல வழிகாட்டி.

மதிப்பெண் போட்டால்: பாதைக்கு ஐந்துக்கு ஐந்து, போர்ட்டர்களுக்கும் அப்படியே. சாப்பாட்டுக்கு இரண்டரை. கழிப்பறைக்கு ஒன்று, குழியின் மேல் இரண்டு பலகை, கூரை இருந்தால் அதிர்ஷ்டம். ஆஸ்திரேலியர்களின் போர் நினைவு நாளான ஏப்ரல் 25 ஆன்சாக் தினத்தை ஒட்டி முகாம்களில் கூடாரம் போட இடமிருக்காது, பாதையும் மிதிபட்டுக் கூழாகியிருக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வறண்ட காலம் என்று விளம்பரம் சொல்லும். மத்தியான மழை எல்லா மாதமும் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் பரவாயில்லை. நிலவுரிமைத் தகராறில் ஊர்க்காரர்கள் பாதையை மறித்த காலமும் உண்டு. அனுமதிச் சீட்டுக் கட்டணம் தொகையில் சேர்ந்ததா, மறியல் வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் மீட்பைச் சேர்த்த காப்பீடு இல்லாமல் போகவே கூடாது. 2009-ல் ஆஸ்திரேலிய நடையாளர்கள் நான்கு பேர் வழியிலேயே இறந்தார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் டிரெட்மில் பரிசோதனை செய்து, இதயத்தைப் பற்றி மருத்துவர் எழுதிக் கொடுத்தபின் முன்பணம் கட்டுவது நல்லது.

கடைசியாக மலேரியா. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் ஒன்று, போவதற்கு இரண்டு நாள் முன் தொடங்க வேண்டும். சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும். ஊர் திரும்பியபின் இன்னும் நான்கு வாரம் தொடர வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். மாத்திரை முடித்தபின்னும், சில மாதம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். அங்குள்ள ஒருவகை மலேரியா ஈரலில் பதுங்கியிருந்து பிறகு எழும். அப்போது மருத்துவரிடம் முதல் வாக்கியமாகப் பப்புவா நியூ கினி போய்வந்தேன் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனையை அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.